ஏழு வீட்டு ஜாக்கி

குழந்தையம்மாளுக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரின் முகம் சுண்டிவிடக் கூடாதே என்று மூன்றாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டு, பிறகு தண்ணீரைக் குடித்துக் குடித்து அதை உள்ளே தள்ளுகிற பெண்மணி. வேறு யாராவது அவளிடம் வேண்டாம் என்று சொன்னாலும் அது அவள் காதில் ஏறாது. கணபதி என்ற ஊரில் வீட்டை ஒட்டியே கணவர் நஞ்சுண்டனின் லேத் பட்டறை இருந்தது. பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற சின்னப் பட்டறை. காஸ்டிங் இரும்பு இறக்க வந்த டெம்போக்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், வழி தவறி அடுத்த பட்டறைக்குப் பதில் இங்கே வந்து நின்றவர் என்று எவர் வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி, “சாப்புட்டீங்களா?” சாப்பிட்டாச்சு என்றால், “அது காலையிலீங்க. இப்ப ஒரு வாய்” என்பாள்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாயும் ஊரில் பிறந்தவள். கட்டிக்கொண்டு கணபதிக்கு வந்தபோது பட்டறை வேலையாட்கள் நாலைந்து பேர் வீட்டோடு இருந்தார்கள். அவர்களுக்குப் பொங்கிப் போட்டே அவளுடைய இளவயது கழிந்தது. பிறகு வேலையாட்கள் ஒவ்வொருவராகக் குடும்பமாகித் தனி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரே மகன் கிருபாசங்கர் இன்ஜினியரிங் முடித்துப் பூனாவுக்கு வேலைக்குப் போனான். போகும்போது, கல்லூரிக் கடைசி வருஷத்தில் சிநேகிதன் ஒருவனிடமிருந்து வாங்கி வந்த நாயை விட்டுவிட்டுப் போனான்.

ஜாக்கி என்று பெயர். டாஷண்டு ஜாதி. கன்னங்கரேல் என்ற உடம்பு, இரண்டு புருவத்திலும் சந்தனத்தைத் தொட்டு வைத்த மாதிரி பழுப்புப் பொட்டு. உடம்பு நீளம், கால் குட்டை. அது வாசலுக்கு வந்தால் பட்டறை ஆட்கள், “சேரன் பஸ் வருதப்பா, வழி உடுங்க” என்று ஒதுங்கி நிற்பார்கள். வந்த புதிதில் கையில் ஏந்தினால் ஒரு முழத் துணி கனம்தான் இருந்தது. அப்புறம் அது குழந்தையம்மாளின் சமையலறையைக் கண்டுகொண்டது.

காலையில் பாலில் ஊறிய இட்லி. வேலையாட்கள் டீ குடிக்கும்போது ஆளுக்கொரு துண்டு பன். மத்தியானம் நெய் விட்ட பருப்புச் சோறு. ஞாயிற்றுக்கிழமை கறி. ஜாக்கிக்குக் கைவந்த வித்தை ஒன்றுதான்: பார்ப்பது. தட்டை நக்கித் துடைத்துவிட்டு அடுத்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நெடுநாள் பட்டினி கிடந்தவனைப் போல ஒரு பார்வை பார்க்கும். “சாப்புட்டியா கண்ணு?” என்று கேட்காமல் அந்தத் தெருவில் எவராலும் அதைக் கடந்து போக முடிந்ததில்லை. கேட்டுவிட்டுச் சும்மா போகவும் முடிந்ததில்லை. இரண்டு வருஷத்தில் வயிறு தரையைத் தொட்டது. குழந்தையம்மாள் அதைச் செழிப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நஞ்சுண்டன் ஸ்கூட்டரில் இஸ்மத் பாய் கறிக்கடைக்குப் போய்விட்டு வந்தார். ஸ்கூட்டரின் முன்பலகையில் நின்றுகொண்டு போவது ஜாக்கியின் ஞாயிற்றுக்கிழமை உரிமை. வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்குள் அது கீழே குதித்தது. அதற்கு முன் யாரும் அதனிடம் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. குழந்தையம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். ஜாக்கியின் முன்பாதி வீட்டைப் பார்த்து நடந்தது. பின்பாதி வரவில்லை. இரண்டு பின்னங்கால்களும் ஈரத்துணி போலத் தரையில் இழுபட்டன. அதற்கே அது புரியாமல், யாரோ பின்னால் பிடித்து இழுக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஆட்டோவில் ஆர்.எஸ்.புரம் போனார்கள். நாய் டாக்டர் இளவயதுப் பெண். ஜாக்கியின் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக விரலால் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றார். மாலையில் மணிகளுக்கு நடுவே இருக்கிற முடிச்சு மாதிரி எலும்புகளுக்கு நடுவே மெத்தென்று ஒன்று இருக்கும், அது பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று விளக்கினார். கால்விரலைக் கிள்ளியபோது ஜாக்கி வெடுக்கென்று தலையைத் திருப்பியது. “உணர்வு இருக்கு. அதனால நம்பிக்கையும் இருக்கு” என்றார். ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானவை இரண்டு என்றார். முதலாவது, ஒன்றரை மாதம் சின்ன இடத்தில் அடைத்து வைக்க வேண்டும். குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. இன்னொன்று, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். குறையாவிட்டால் இது மறுபடி வரும். மறுபடி வந்தால் கால்கள் திரும்பி வராது.

ஆட்டோவில் திரும்பினார்கள். காந்திபுரம் தாண்டியதும் நஞ்சுண்டன் வெளியே பார்த்தபடி சொன்னார்.

“காலு போயிருச்சுன்னா அதைய வச்சுக்கிட்டு வதைக்கப்படாது அம்மணி. ஊசி போட்டு அனுப்பிப்போடலாமாம். டாக்டரம்மாகிட்டத் தனியாக் கேட்டேன்.”

குழந்தையம்மாள் மடியில் கிடந்த ஜாக்கியின் காதைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே நஞ்சுண்டன் பட்டறையில் கம்பி வலையை வெட்டி வெல்டிங் வைத்து ஒரு கூண்டு செய்தார். முனை ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, கையை ஓட்டிப் பார்த்து, மறுபடி ராவினார். கம்பெனிக்காரர்களுக்குச் செய்கிற வேலையில்கூட அவ்வளவு சுத்தம் இருக்காது. அடியில் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுப் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த நிழலில் வைத்தார்கள். வெளிக்குப் போக, குழந்தையம்மாள் அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துப் பின்பாதியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். முன்னங்கால் அது நடக்க, பின்னங்காலுக்குப் பதில் இவள் நடப்பாள்.

சோற்றையும் குறைத்தாள். டாக்டரம்மா சொன்னபடி பீன்ஸ், கேரட், பூசணிக்காயை உப்பில்லாமல் வேகவைத்து, ஒரு பிடி சோற்றோடு பிசைந்து, கூடவே ஒரு முட்டை வெள்ளை. நெய்யும் பாலும் நின்றுபோயின. முதல் நாள் ஜாக்கி கிண்ணத்தை முகர்ந்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவள் மறந்த ஒன்று இருந்தது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. நாய் என்றாலும் நோயாளி நோயாளிதானே. எதிர்வீட்டு அம்புஜம் டீச்சர் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். பட்டறை ஆட்கள் பணம் போட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலே வாங்கி வந்தார்கள். அதே தெருவில் குடியிருந்த கறிக்கடை இஸ்மத் பாய், காலுக்குக் கால்தான் மருந்து என்று ஆட்டுக்கால் சூப்பைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து, கொழுப்பு மிதக்க ஊற்றிவிட்டுப் போனார். “எந்த வார்டுங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. கூண்டுக்கு முன்னால் குந்தி, “எப்படியிருந்த பையன்” என்று பெருமூச்சு விட்டு, வலையின் ஓட்டை வழியாக ஒரு வாய் ஊட்டுவார்கள். ஒரு வாய்தான். எல்லோருமே ஒரு வாய்தான்.

குழந்தையம்மாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். வேண்டாங்க என்ற சொல் தொண்டை வரை வரும். கொடுக்கிறவருடைய முகத்தைப் பார்த்ததும் அது இறங்கிப் போய்விடும். நோயாளி இருக்கிற வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அவர்களுக்குக் காப்பி போட உள்ளே போவாள். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு வாய் போகும்.

மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் போனபோது எடை குறையவில்லை. ஏறியிருந்தது.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. எடைமேடையிலிருந்து ஜாக்கியைத் தானே தூக்கி, பின்பக்கத்துக்குக் கை கொடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, “நல்லது செய்யறதா நெனச்சு தினமும் இவன் முதுகுல ஒரு கல்லு ஏத்தறீங்கம்மா. இவனுக்கு எறக்கி வைக்கத் தெரியாது” என்றார்.

இனி யாரும் கூண்டுப் பக்கம் வரக்கூடாது என்று ஆட்டோவில் வரும்போதே குழந்தையம்மாள் முடிவெடுத்துவிட்டாள். சொல்ல வேண்டிய வாசகத்தை மனசுக்குள் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தாள். வீட்டு வாசலில் வந்து இறங்கினால், மூன்றாவது வீட்டு வெங்கடலட்சுமி கையில் கிண்ணத்தோடு காத்துக்கொண்டிருந்தாள். தயிர்ச்சோறு. மேலே எள்ளு.

“அம்மணி, இன்னிக்கு...” என்று குழந்தையம்மாள் ஆரம்பித்தாள்.

“அக்கா, இன்னிக்குச் சனிக்கிழமைங்க” என்றாள் வெங்கடலட்சுமி. அவள் முகம் வெளுத்துவிட்டது. “எல்லா நாளும் வேண்டாம்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். இன்னிக்குச் சொல்லிப்போடாதீங்க.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வெங்கடலட்சுமியின் கணவர் நரசிம்மலுவுக்கு ஏழரைச் சனி. மில் மூடிப்போய் வருஷக்கணக்கில் வீட்டில் கிடந்தார். பீளமேட்டு ஜோசியர், சனிக்கிழமைதோறும் கறுப்பு நாய்க்கு உன் கையால் தயிர்ச்சோறு போடு என்று சொல்லியிருக்கிறார். தெருநாய் என்றால் அவளுக்குக் குலைநடுக்கம். சின்ன வயசில் கடிபட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள். அந்தத் தெருவில் கறுப்பாகவும் இருந்து, வாயும் மெத்தென்று இருக்கிற நாய் ஜாக்கி ஒன்றுதான். அவள் போட ஆரம்பித்த நாலாம் மாதம் நரசிம்மலுவுக்கு வேறொரு மில்லில் இருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அன்றையிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. குழந்தையம்மாள் கோயிலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வந்து போட்டுவிட்டுப் போவாள்.

“இவன் உண்கலீன்னா அவருக்கு வேலை போயிருமோன்னு நெஞ்சு அடிச்சுக்குதுங்கக்கா” என்றாள்.

ஒருத்திக்கு நாயின் கால். இன்னொருத்திக்குப் புருஷனின் வேலை. நடுவில் ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு. குழந்தையம்மாள் விலகி வழிவிட்டாள். கிண்ணம் கூண்டுக்குள் போயிற்று.

மறுநாள் பூராவும் அவளுக்கு இதே யோசனை. அரிசி களைந்தவள் அப்படியே நின்றாள். யார் கையையும் தட்டிவிட அவளால் முடியாது. அது அவளுடைய ரத்தத்திலேயே இல்லை. ஆனால் இப்படியே விட்டால் ஜாக்கி போய்விடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியாதபோது என்ன செய்வது என்று யோசித்தவளுக்கு, பிறந்த ஊர்த் தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் குறைந்துபோன ஒரு வருஷம் நினைவுக்கு வந்தது. வயல் நிறைய, தண்ணீர் கொஞ்சம். அப்போது யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொல்லவில்லை. முறை வைத்தார்கள். இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு. அவரவர் நாளில் அவரவர் மடையைத் திறந்துகொள்ளலாம். மற்ற நாளில் வரப்பில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். எல்லார் வயலும் நனைந்தது. எதுவும் அழுகவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் தெருவில் ஐந்து வீட்டாரையும் பட்டறை ஆட்களையும் கூப்பிட்டாள். கூப்பிட்டதும் கச்சாயம் சுட்டுத் தட்டில் போட்டாள். எல்லோர் வாயும் நிறைந்திருந்த நேரத்தில் பேச ஆரம்பித்தாள்.  பார்வை தரையில் இருந்தது.

“ஜாக்கிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, வேளைக்கு ஒரு கிண்ணம். அதுக்கு மேல போச்சுன்னா காலு போயிருமுங்க. காலு போனா அவனை ஊசி போட்டு அனுப்பிப்போடுவாங்க. உங்க கையைத் தடுக்க எனக்கு மனசு வரலீங்க. அதனால முறை வச்சுக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு ஊடு. அன்னைக்கு நீங்களே வேகவச்சு, நீங்களே வந்து குடுங்க. நான்கூடக் குடுக்க மாட்டேன். மத்த நாள்ல யாரும் கூண்டுகிட்டக் கையை நீட்டப்படாதுங்க.”

இஸ்மத் பாய் வாயிலிருந்த கச்சாயத்தை விழுங்கினார்.

“எம்முறையில சூப்பு உண்டுங்களா அக்கா?” என்றார் இஸ்மத் பாய்.

“கொழுப்பில்லாத கறி, சின்னத் துண்டா நாலு. பூசணிக்காயோட வேகவச்சுக் கொண்டாங்க. எலும்பு ஆகாதுங்க பாய்.”

“கறிக்கடைக்காரன் நாய்க்குப் பூசணிக்காய் போடறான்னு ஊரே சிரிக்குமுங்க” என்றார். வியாழக்கிழமையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் கடையில் கூட்டம் குறைவு.

அம்புஜம் டீச்சர், நாய்க்கு டைம்டேபிள் போட்டதை நாற்பது வருஷ சர்வீசில் பார்த்ததில்லை என்றார். செவ்வாய்க்கிழமை அவருக்கு. சனிக்கிழமை வெங்கடலட்சுமிக்கு. பாலாடை நீக்கிய தயிர், ஒரு பிடி சோறு, மீதிக்குப் பீன்ஸ். “அன்னைக்குப் பூராவும் உன்ற சோறு மட்டும்தான் அவன் வயித்துல இருக்கும் அம்மணி. வேற யாருதும் கலக்காது” என்று குழந்தையம்மாள் சொன்னபோது வெங்கடலட்சுமியின் முகத்தில் இருந்த மேகம் விலகிற்று. அப்படிப் பார்த்தால் பலன் கூடுதலாகத்தானே இருக்கும். பட்டறையையும் ஒரு வீடாகக் கணக்கில் சேர்த்து அதற்கு ஞாயிறு, அதாவது நஞ்சுண்டனுக்கு. திங்கள் குழந்தையம்மாளுக்கு. புதனும் வெள்ளியும் மற்ற இரண்டு வீடுகளுக்கு.

ஆச்சரியம் என்னவென்றால், முறை என்று வந்ததும் எல்லோருக்கும் அக்கறை கூடிவிட்டது. அதுவரை மிச்சத்தைக் கொட்டியவர்கள் இப்போது நாய்க்கென்று அடுப்பைப் பற்றவைத்தார்கள். அம்புஜம் டீச்சர் கேரட்டைப் பொரியலுக்கு நறுக்குவது போல ஒரே அளவாக நறுக்கிக்கொண்டு வந்தார். புதன்கிழமைக்காரர்கள் பீன்ஸை நார் உரித்தார்கள். முந்தின நாள்காரர் செய்தது குழைந்துவிட்டது என்று அடுத்த நாள்காரர் குறை சொன்னார். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நேற்றைக்கு இன்றைக்குத் தேவலையா என்று வரப்பில் நின்று பயிரைப் பார்க்கிற மாதிரி.

கூண்டுக்குள் இருந்தபடியே குழந்தையம்மாள் ஜாக்கிக்கு ஒரு பாடமும் சொல்லிக்கொடுத்தாள். இவ்வளவு நாளும் கிண்ணம் தரையைத் தொடுவதற்குள் பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சல் முதுகுக்கு ஆகாது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இரு” என்பாள். எம்பினால் கிண்ணம் மேலே போகும். அடங்கினால் கீழே வரும். கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை, ஒரே சொல். சில நாளில் ஜாக்கிக்குப் பிடிபட்டுவிட்டது. ஏழு வீட்டாரும் அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். டீச்சர் மட்டும் முதலில் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்துவிட்டுக் குழந்தையம்மாளைப் பார்த்தது. மொழிபெயர்க்கக் காத்திருக்கிற மாதிரி.

இருந்தும் உடம்பு நினைத்த அளவு இறங்கவில்லை. கையை விலாவில் வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தட்டுப்படவில்லை. யார் முறையில் பிசகு என்று குழந்தையம்மாளுக்கு வெசனம். ஒருநாள் ஜமுக்காளத்தை உதறினாள். மூலையில் இருந்து பொலபொலவென்று உதிர்ந்தது வர்க்கி பிஸ்கட் தூள்.

அந்த ஏழு வீட்டிலும் வர்க்கி கிடையாது. முக்கு பேக்கரியில்தான் உண்டு. நாலு மணி டீக்கு பேக்கரிக்குப் போய் வருகிறவர் ஒருத்தர்தான்.

அவள் பட்டறைக்குள் போனாள். சமையலறை வாசலில் நின்று கூப்பிடுவதோடு சரி, லேத் ஓடும்போது உள்ளே வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை. வேலையாட்கள் ஒவ்வொருவராக மெஷினை நிறுத்தினார்கள். நஞ்சுண்டன் திரும்பிப் பார்த்தார். அவருடைய காக்கிச் சட்டைப் பை எண்ணெய்க் கறையோடு புடைத்திருந்தது.

“ஏனுங்க, பையில என்னங்க?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான் அம்மணி. பாதிய நான் தின்னுபோட்டுப் பாதியக் குடுப்பேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கம்பிக்குப் பின்னால இருந்து பாக்கறான். கூண்டைச் செஞ்சதே நான்தானே. அன்னைக்கு வண்டிய நிறுத்தறதுக்கு முன்னால அவனை ஒரு கையில புடிச்சிருக்கலாம்.”

பட்டறை ஆட்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். குழந்தையம்மாளுக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அது போனால் சொல்லும் போய்விடும்.

“வேண்டாங்க” என்றாள்.

சொன்ன பிறகு, சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. நஞ்சுண்டனும் அப்படித்தான் பார்த்தார்.

“எங்கூர்ல முறைத் தண்ணியத் திருடினா அடுத்த முறை அவங்களுக்குக் கெடையாதுங்க. வர்ற ரெண்டு ஞாயித்துக்கெழமை அம்புஜம் டீச்சருக்கு. நீங்க பாத்துட்டு நில்லுங்க.”

ஒரு வேலையாள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். நஞ்சுண்டன் பையிலிருந்த வர்க்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “சரிங்க அம்மணி” என்றார். அந்த ‘ங்க’ வழக்கமாக வருகிற ‘ங்க’ அல்ல என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த இரண்டு ஞாயிறும் அவர் கூண்டுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு குந்தியிருந்தார். கொடுக்க ஒன்றுமில்லாததால் ஜாக்கியின் பின்னங்காலைக் கையில் எடுத்து, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி மெதுவாக மடக்கி நீட்டினார். விரல்களுக்கு நடுவே தேய்த்துவிட்டார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நீட்டின காலை ஜாக்கி தானாகவே கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அவர் எழுந்து வந்து சொல்லவில்லை. மறுபடியும் நீட்டி, மறுபடியும் அது இழுத்த பிறகுதான் சமையலறைப் பக்கம் பார்த்து, “அம்மணி, சித்த இங்க வாங்க” என்று கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஒன்றரை மாதம் என்ற கூண்டுக் கெடுவும் நீண்டுகொண்டே போனது. ஒரு வாரம் முன்னேற்றம், ஒரு வாரம் ஒன்றுமில்லை. மழை பிடித்த நாட்களில் கால் விறைத்துக்கொண்டு பயமுறுத்தியது. கூண்டை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது வயிற்றுக்கு அடியில் துண்டு எப்போதும் இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் காலையில் அந்தத் துண்டில் கனமே தெரியாததைக் குழந்தையம்மாள் கவனித்தாள். கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். துண்டு தொளதொளவென்று தொங்கியது. ஜாக்கி நின்றுகொண்டிருந்தது. பின்பாதி குடித்தவனைப் போல ஆடியது, இருந்தாலும் நின்றது. மூத்திரம் பெய்து முடித்துவிட்டு, ஏன் நடக்கவில்லை என்று அவளைத் திரும்பிப் பார்த்தது.

கார்த்திகை பிறந்து ஒரு வியாழக்கிழமை கடைசியாக ஆர்.எஸ்.புரம் போனார்கள். டாக்டரம்மா விலாவைத் தடவி, எலும்பு தட்டுப்பட்டதும் புருவத்தை உயர்த்தினார். பிறகு ஜாக்கியை மேஜைமேல் நிற்கவைத்து, ஒரு பின்னங்காலை எடுத்து, பாதத்தைக் கவிழ்த்து, புறங்கால் மேஜையில் படும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தார். காலுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாய் அதை அப்படியே விட்டுவிடும் என்றார்.  ஜாக்கி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தபடியே பாதத்தைத் திருப்பி நேராக ஊன்றியது, செருப்பைச் சரியாகப் போட்டுக்கொள்கிற மாதிரி. அடுத்த காலிலும் அப்படியே, கொஞ்சம் தாமதித்து.

“குதிக்க மட்டும் விடாதீங்க. ஸ்கூட்டர் இனிமே கெடையாது. சாப்பாடு இதே மாதிரி. மத்தபடி இவன் நடக்கலாம்மா” என்றார். “என்ன செஞ்சீங்க?”

“முறை வச்சோமுங்க” என்றாள் குழந்தையம்மாள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நஞ்சுண்டன் சுருக்கமாக விளக்க ஆரம்பித்து, வர்க்கி வருகிற இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே சேதி முன்னால் போய்விட்டது. பட்டறை ஆள் ஒருவன் சைக்கிளில் கூடவே வந்திருந்தான், இவர்கள் மாத்திரைக்கு வெகுநேரம் நின்றபோது முந்திக்கொண்டான். குழந்தையம்மாள் இறங்கும்போது வாசலில் ஒரு கூட்டமே நின்றது. நல்ல சேதி வந்தால் அந்தத் தெரு என்ன செய்யுமோ அதைத்தான் செய்திருந்தது. டீச்சர் கேசரி கிண்டிக்கொண்டு வந்திருந்தார். வெங்கடலட்சுமி கையில் பால்கோவா. நரசிம்மலு மில்லுக்குப் போகும் அவசரத்திலும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபடி நின்றார். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். எல்லோர் கையும் ஒரே திசையில் நீண்டது.

குழந்தையம்மாள் ஜாக்கியைக் கீழே இறக்கிவிட்டு அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

“இன்னைக்கு யாரு முறைங்க?”

நீண்ட கைகள் நின்றன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வியாழக்கெழமைங்க. எனக்குங்க” என்று பின்னாலிருந்து இஸ்மத் பாய் குரல் கொடுத்தார். கடையை அரைகுறையாகச் சாத்திவிட்டு ஓடிவந்திருந்தார். கையில் ஆறிப்போன கிண்ணம். நாலு துண்டு கறி, பூசணிக்காய். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. மாப்பிள்ளைக்கு வழிவிடுகிற மாதிரி என்று யாரோ சொன்னார்கள். அவர் குனிந்து, “இரு” என்றார். ஜாக்கி இருந்தது. கிண்ணம் தரைக்கு வந்தது.

“அந்தக் கேசரியெல்லாம் இப்படிக் கொண்டாங்க. அவன் உண்கற வரைக்கும் நாம உண்ணலாம்” என்றாள் குழந்தையம்மாள்.

வாசலில் நின்றபடியே எல்லோரும் தின்றார்கள். ஜாக்கி கிண்ணத்தை முடித்துவிட்டு, வட்டமாக நின்றவர்களில் முதல் ஆளிடம் போனது. முகர்ந்தது. அவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அடுத்த ஆளிடம் போனது. அவரும் அப்படியே. நஞ்சுண்டன் இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். வட்டம் முழுக்க ஒவ்வொரு காலாக, ஒவ்வொரு கையாக ஜாக்கி சலிக்காமல் விசாரித்துக்கொண்டே போனது. எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்து, பாவம், பாவம் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“போதுங்க அக்கா, கூண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மனசு கேக்கலை” என்றாள் வெங்கடலட்சுமி.

“இரு அம்மணி” என்றாள் குழந்தையம்மாள். அவள் ஜாக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, புழுதியில் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றி எழுந்த அந்த நாலு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் ரெண்டு பேரு பாக்கி. நடக்கட்டும்.”